பிறவி இதயக் குறைபாட்டு அறுவைக்குப் பின் ஏற்படும் வால்வு கசிவு

பிறவி இதயக் குறைபாட்டுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, இதய வால்வுகளில் ஒன்று முழுமையாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி வழிகிறது. இதுவே வால்வு கசிவு எனப்படுகிறது. மருத்துவ அறிக்கைகளில் 'ரிகர்ஜிடேஷன்' என்றும், பேச்சில் 'லீக்' என்றும் சொல்வார்கள். சிலருக்கு இது அறுவை முடிந்த அன்றே இருக்கும்; சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து உருவாகும். பெரும்பாலும் இது அறுவை செய்தவரின் தவறால் வருவதில்லை. குழந்தையின் உயிரைக் காப்பதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்ட விளைவாகவே பல நேரங்களில் வருகிறது.

இந்தக் கசிவு பத்து, இருபது ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கக்கூடும். அந்த அமைதியான காலத்தில்தான் இதயம் சிறிது சிறிதாக விரிவடைகிறது. மூச்சிரைப்பும் கால் வீக்கமும் தெரியும்வரை காத்திருந்தால் இதயம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். ஆகவே, நலமாக இருப்பவரும் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வால்வின் வேலை

இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வும், இடப்பக்க அறைகளுக்கு இடையே ஈரிதழ் வால்வும் இருக்கின்றன. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வழியில் நுரையீரல் தமனி வால்வும், இடது கீழறையிலிருந்து உடலுக்குச் செல்லும் வழியில் பெருந்தமனி வால்வும் இருக்கின்றன. இரத்தம் ஒரே திசையில் செல்லும்படி பார்த்துக்கொள்வதே இந்த நான்கின் வேலை.

மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளின் பழைய வீடுகளில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் 'ஃபுட் வால்வு' இருக்கும். அது பழுதானால், மேலே ஏறிய நீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டி நிரம்பத் தாமதமாகும். கசியும் வால்வு உள்ள இதயமும் இப்படித்தான். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வருவதால், அதையும் சேர்த்து மறுபடி தள்ள வேண்டியிருக்கிறது. மோட்டாரின் அளவு மாறாது. இதயமோ தசையால் ஆனது. கூடுதல் இரத்தத்துக்கு இடம் கொடுத்து விரிந்துகொண்டே போகும்.

ஃபேலோ நாற்குறையும் அதன் அறுவையும்

அறுவைக்குப் பிந்தைய கசிவு மிகுதியாகக் காணப்படுவது 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' எனப்படும் நாற்குறை நோயில்தான். பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஏத்தியேன் லூயி ஆர்தர் ஃபேலோ 1888-இல் இதை விரிவாக விளக்கியதால் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இதில் உள்ள நான்கு குறைகள்:

1. இரு கீழறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை.
2. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருத்தல்.
3. பெருந்தமனி அந்த ஓட்டையின் மேல் அமர்ந்திருத்தல்.
4. வலது கீழறையின் தசை தடித்திருத்தல்.

நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாததாலும், ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலுக்குள் கலப்பதாலும் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 'நீலக் குழந்தை' என்ற பெயர் இதனால் வந்தது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பர் 29 அன்று இந்நோய்க்கான முதல் அறுவை நடந்தது. குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக், அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக், ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் ஆகிய மூவரின் உழைப்பு அது. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைத்து, நுரையீரலுக்கு இரத்தம் செல்ல மாற்றுவழி அமைத்தார்கள். இதயத்தினுள் இருந்த குறைகள் அப்படியே இருந்தன. இதயத்தைத் திறந்து குறைகளையே சரிசெய்யும் முழு அறுவையை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹய் 1954 ஆகஸ்டு 31 அன்று செய்தார். அடுத்த ஆண்டு மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையுடன் இதே அறுவையைச் செய்தார்.

முழு அறுவையில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, சுவரின் ஓட்டையை ஒட்டுத்துணி வைத்து அடைப்பது. இரண்டாவது, நுரையீரலுக்குச் செல்லும் குறுகலான வழியை அகலமாக்குவது. கசிவு இந்த இரண்டாவது வேலையில் தொடங்குகிறது. வால்வு அமர்ந்திருக்கும் வளையமே மிகக் குறுகலாக இருந்தால், அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டித் திறந்து, இதயச் சுற்றுப்பையிலிருந்து எடுத்த சவ்வையோ செயற்கைத் துணியையோ வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். வழி அகலமாகிவிடும், வளையம் வெட்டப்பட்டதால் வால்வு மூடும் திறனை இழந்துவிடும். அடைப்பை விட்டுவைத்தால் குழந்தை பிழைக்காது. கசிவோடு பல ஆண்டுகள் நன்றாக வாழலாம். எனவே மருத்துவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். இன்று வளையத்தை வெட்டாமல் வால்வை முடிந்தவரை காப்பாற்றும் முறைகள் பின்பற்றப்படுகின்றன. ஆனாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது இயலுவதில்லை.

இந்த அறுவை தந்த பயன் பெரிது. 1955 முதல் 1960 வரை மேயோ கிளினிக்கில் அறுவை செய்துகொண்டு முதல் மாதத்தைக் கடந்தவர்களைப் பற்றிய ஆய்வு 1993-இல் வெளியானது. 32 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களில் 86 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். அதே வயதுடைய பொதுமக்களில் எதிர்பார்க்கப்பட்ட அளவு 96 விழுக்காடு. அறுவை இல்லாவிட்டால் இந்நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் இளமையைத் தாண்டுவதே அரிது.

கசிவு வரக்கூடிய பிற அறுவைகள்

மேலறை-கீழறை இடைச்சுவர்க் குறை: டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் குறை இது. இதயத்தின் நடுப்பகுதி முழுமையாகப் பிரியாததால், இடப்பக்க வால்வில் ஒரு பிளவு இருக்கும். அதைத் தைத்து மூடிய பின்னும் சிலருக்குக் கசிவு தொடர்கிறது. அவர்களில் சிலருக்கு மறு அறுவை தேவைப்படும்.

தமனி இடமாற்ற அறுவை: இரு பெருந்தமனிகளும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அவற்றை மீண்டும் சரியான இடத்தில் பொருத்தும் அறுவை. இதை 1975-இல் பிரேசிலின் அடிப் ஜாடேன் வெற்றிகரமாகச் செய்தார். இதில், நுரையீரல் வழிக்கென அமைந்த வால்வு பெருந்தமனி வால்வாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உடலின் உயர் அழுத்தத்தைத் தாங்கும் அந்த வால்வு ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியலாம்.

கீழறைச் சுவர் ஓட்டை: ஓட்டை பெருந்தமனி வால்வுக்கு அருகில் இருந்தால் வால்வின் இதழ் அதற்குள் சரிந்து விழும். உரிய காலத்தில் ஓட்டையை மூடாவிட்டால், பின்னர் மூடினாலும் கசிவு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

பலூன் சிகிச்சை: குறுகிய வால்வைப் பலூன் கொண்டு விரித்த பிறகும் கசிவு வருவதுண்டு.

ஓசையில்லாத ஆண்டுகள்

நுரையீரல் தமனியின் அழுத்தம் உடலின் இரத்த அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே அந்த வால்வு கசிந்தாலும் வலது கீழறை நெடுங்காலம் தாங்கிக்கொள்கிறது. முழு அறுவைகள் தொடங்கிய முதல் இருபது, முப்பது ஆண்டுகளில், இந்தக் கசிவு பெரிய தீங்கு செய்யாது என்றே பலரும் நம்பினர். அறுவை செய்துகொண்ட குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபோதுதான் உண்மை தெரிந்தது.

முதலில் வலது கீழறை விரிகிறது. விரிந்த அறை மூவிதழ் வால்வின் வளையத்தையும் இழுத்து அகலமாக்குவதால் அதுவும் கசியத் தொடங்கும். இழுபட்ட தசையிலும் பழைய அறுவைத் தழும்பைச் சுற்றியும் மின்தூண்டலின் பாதை சீர்கெட்டு, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. இறுதியில் இடது கீழறையும் பாதிக்கப்படலாம். இந்தத் துடிப்புக் கோளாறு சிலரிடம் திடீர் மரணத்துக்குக் காரணமாகிறது. 1995-இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இ.சி.ஜி. பதிவில் 'கியூ.ஆர்.எஸ்.' எனப்படும் பகுதியின் அகலம் 180 மில்லிநொடியை எட்டியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று காட்டியது. இயல்பான அகலம் 100 மில்லிநொடியை ஒட்டியது.

நோயாளிக்கு இவை எளிதில் புலப்படுவதில்லை. சிறுவயது முதலே கசிவோடு வளர்ந்தவருக்கு 'இயல்பான மூச்சு' என்பதற்கு ஒப்பிட வேறு அளவுகோல் இல்லை. மாடிப்படி ஏறினால் இளைக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ஆனால் மாடியேறுவதையே சில ஆண்டுகளாகத் தவிர்த்து வந்திருப்பார். இதனால்தான் கேள்விகளோடு நில்லாமல் சோதனைகளும் செய்கிறார்கள்.

கண்காணிப்புச் சோதனைகள்

எக்கோ: ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை. கசிவின் அளவையும் அறைகளின் விரிவையும் காட்டும். வலியில்லாதது, எளிதில் கிடைப்பது.

இ.சி.ஜி. மற்றும் ஹோல்டர்: இதயத்தின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்பவை. ஹோல்டர் கருவியை 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடலில் அணிந்திருக்க வேண்டும்.

இதய எம்.ஆர்.ஐ.: வலது கீழறையின் கொள்ளளவை அளக்க இதுவே நம்பகமான முறை. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு இரத்தம் திரும்புகிறது என்பதையும் கணக்கிடலாம். வலது கீழறை முக்கோண வடிவில் இடது கீழறையைச் சுற்றி வளைந்திருப்பதால் எக்கோவில் அதன் கொள்ளளவு சரியாகப் பிடிபடாது.

உடற்பயிற்சிச் சோதனை: ஓடும் பட்டையிலோ சைக்கிளிலோ பயிற்சி செய்யவைத்து, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளப்பது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரின் உண்மையான திறன் இதில் தெரிந்துவிடும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதனை என்பது கசிவின் அளவைப் பொறுத்தது. தொல்லை ஏதும் இல்லாதவரும் ஆண்டுக்கு ஒருமுறையோ மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ சென்றுவர வேண்டும்.

வால்வை எப்போது மாற்றுவது?

இதுவே இத்துறையின் கடினமான கேள்வி. மிக விரைவில் மாற்றினால், புதிய வால்வும் தேய்ந்து வாழ்நாளில் மேலும் சில முறை மாற்ற நேரும். மிகத் தாமதித்தால், வால்வு சரியானாலும் விரிந்த கீழறை சுருங்காது. அறிகுறிகள் இருந்து, கசிவும் மிதமானதாகவோ கடுமையாகவோ இருந்தால் வால்வு மாற்றம் பரிந்துரைக்கப்படுகிறது. அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு எண்கள் உதவுகின்றன. அமெரிக்க இதய அமைப்புகள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு வலது கீழறையின் நிறைவுக் கொள்ளளவு 160 மி.லி. அல்லது அதற்கு மேல், சுருங்கிய நிலைக் கொள்ளளவு 80 மி.லி. அல்லது அதற்கு மேல் என்பவை கடும் விரிவின் அளவுகளாகத் தரப்பட்டுள்ளன. கீழறையின் சுருங்கும் திறன் குறைதல், உடற்பயிற்சித் திறன் தொடர்ந்து குறைதல் முதலியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு எடுக்கப்படுகிறது.

ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. 130, 142, 155 என்று ஆண்டுதோறும் ஏறும் எண்கள் சொல்லும் செய்தியைத் தனியொரு 155 சொல்லாது. பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்துவதன் பயன் இங்கே தெரியும்.

மாற்று வால்வுகள்

செயற்கை வால்வுகள் இரு வகை. உலோகம், கார்பன் முதலியவற்றால் ஆனவை நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற மருந்து தேவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இவ்வகை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து வழங்கியதால், வெளிநாட்டு வால்வு வாங்க இயலாத பலருக்கு அது எட்டியது. இது பெரும்பாலும் ஈரிதழ், பெருந்தமனி வால்வுகளின் இடத்தில் பொருத்தப்படுகிறது.

நுரையீரல் தமனி வால்வின் இடத்தில் பெரும்பாலும் திசு வால்வுகளையே வைக்கிறார்கள். மாடு அல்லது பன்றியின் திசுவால் செய்தவை, இறந்தவர் தானமாக அளித்த மனித வால்வுகள் ஆகியவை இவ்வகை. நீண்டகால வார்ஃபரின் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம். சிறுவர்களிடம் இன்னும் விரைவில்.

மார்பைத் திறக்காமலும் வால்வு பொருத்தலாம். 2000-ஆம் ஆண்டு பாரிஸில் ஃபிலிப் போன்ஹோஃபர், 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குழாய் வழியாக நுரையீரல் தமனி வால்வைப் பொருத்தினார். உலகில் நோயாளிக்குக் குழாய் வழியாகப் பொருத்தப்பட்ட முதல் நுரையீரல் தமனி வால்வு அது. பொதுவாகத் தொடையிலுள்ள சிரை வழியாக, மடிக்கப்பட்ட வால்வை உள்ளே செலுத்தி உரிய இடத்தில் விரிப்பார்கள். குஜராத்தின் மெரில் நிறுவனம் தயாரிக்கும் மைவால் என்ற வால்வை இவ்விடத்தில் பயன்படுத்திய அனுபவத்தைச் சென்னை முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் வெளியிட்டுள்ளனர். ஒட்டுப்போட்ட வழி மிக அகலமாகிவிட்டவர்களுக்கு இம்முறை பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு அறுவையே வழி.

தமிழ்நாட்டில் இதன் தேவை

ஆயிரம் குழந்தைகளில் 8 அல்லது 9 பேர் ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறையுடன் பிறக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1960-களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவை தொடங்கிவிட்டது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதய மையம் 1987-இல் கே.எம். செரியன் தலைமையில் உருவானது. பள்ளிக் குழந்தைகளின் இதய அறுவைக்கு உதவும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-இல் தொடங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2013 முதல் பிறப்பிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களுக்கான தேசிய சிறார் நலத் திட்டமும் நடைமுறையில் உள்ளன.

2008-இல் ஐந்து வயதில் அறுவை செய்துகொண்ட குழந்தை இன்று இருபதைத் தாண்டியவர். கசிவின் விளைவுகள் தெரியத் தொடங்கும் வயதை அந்தத் தலைமுறை இப்போதுதான் எட்டுகிறது. இதே வயதில்தான் கண்காணிப்பும் விட்டுப்போகிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்கள் குழந்தைகளுக்கானவை. வளர்ந்தவர் வேறு மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த மாற்றத்தை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், கடைசி ரிவியூவோடு தொடர்பு அறுந்துவிடும். படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஊர் மாறுவார்கள். வீடு மாற்றும்போது பழைய ஃபைல் தொலைந்துபோகும். 'ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை' என்ற பெற்றோரின் நிம்மதியும் இதற்கு ஒரு காரணம்.

பள்ளி, திருமணம், மகப்பேறு

பள்ளியில்: மார்பில் தழும்பு உள்ள பிள்ளையை விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைப்பது ஆசிரியர்களின் வழக்கம். பயம் இயல்பானதே, ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மிதமான விளையாட்டு நல்லது. எது கூடாது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடலாம். ஃபேலோ நாற்குறையுடன் பிறந்து குழந்தைப் பருவத்தில் அறுவைகள் செய்துகொண்ட அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஷான் வைட் 2006, 2010, 2018 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். எல்லோருக்கும் அது பொருந்தாது என்றாலும், தழும்பை மட்டும் பார்த்து ஒருவரின் திறனைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு அவர் சான்று.

திருமணத்தில்: வரன் பேசும்போது, குறிப்பாகப் பெண்ணின் அறுவையை, குடும்பங்கள் மறைப்பதுண்டு. மறைத்தபின் புகுந்த வீட்டிலிருந்து ரிவியூவுக்குப் போவதும் நின்றுவிடுகிறது. கண்காணிப்பு தேவைப்படும் காலத்தில் அதற்கான வழியையே அடைப்பதாக இது முடிகிறது.

மகப்பேற்றில்: கருவுற்றால் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. வலது கீழறை நன்றாக இயங்கினால் பெரும்பாலான பெண்கள் பிரசவத்தை நலமாகக் கடக்கிறார்கள். கடுங்கசிவும் கீழறைத் தளர்ச்சியும் இருந்தால் ஆபத்து கூடும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கருவுறுவதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பல் பராமரிப்பு

வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து, செயற்கை வால்விலோ ஒட்டுத்துணியின் ஓரத்திலோ தங்கித் தொற்றை உண்டாக்கலாம். தினமும் இருவேளை பல் துலக்குவதும் சொத்தையை உடனே கவனிப்பதும் இதற்கான எளிய காப்பு. செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்க வேண்டும். பல் மருத்துவரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால், தாமாக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடாமல் இதய மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உடனே மருத்துவரை நாட வேண்டியவை

மயக்கம், நிற்காத படபடப்பு, மார்பு வலி, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால் அல்லது வயிறு வீங்குதல், முன்பு எளிதாகச் செய்த வேலைக்கு இப்போது இளைப்பு வருதல் ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் தம் குறையின் பெயர், செய்யப்பட்ட அறுவையின் பெயர், நாள், மருத்துவமனை ஆகியவற்றைத் தாமே அறிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, எம்.ஆர்.ஐ. அறிக்கைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. ஆவணம் தொலைந்திருந்தாலும், தொடர்பு விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவில் ஓர் எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுத்து மறுபடி தொடங்கலாம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார்களே என்று தயங்கியே பலர் போவதில்லை. அந்தத் தயக்கத்துக்காக இன்னும் ஓராண்டைக் கடத்த வேண்டியதில்லை.